முன்கை படும் விளிம்பு

நிறுத்தும். சக்கரத்தை நிறுத்தும் வே!

நான் தீட்டக் கொடுத்தது மீன் கத்தி. உளியை யார் எடுக்கச் சொன்னது? பாரும் என்றுதான் சொன்னேன். பார்ப்பதற்குக் கண் போதும், சக்கரம் எதற்கு? உம்முடைய சக்கரத்தில் வைத்தால் பொறி பறக்கும், முனை சூடேறி நீலம் பூக்கும், அப்புறம் அது பெயிண்ட் டப்பா திறக்கத்தான் ஆகும். கொடும் இங்கே.

கோபம் இல்லை. என் பேச்சே இப்படித்தான். அதிகம் பேசுகிற ஆளும் நான் இல்லை. இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளும், கிதார் செய்கிற இஞ்ஞாசி ரோச் நின்று நாலு வார்த்தை பேசிப் பார்த்திருக்கிறீர்களா என்று. இல்லை என்பார்கள்.

சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வாரும். வெயில் ஏறிவிட்டது. எந்த ஊர்? கயத்தாறா? பேர்? மாசானம். சரி. உட்காரும் மாசானம். அந்த ஸ்டூலில் வேண்டாம், அதில் பசை இருக்கிறது. இதில் உட்காரும்.

இந்த உளி எங்கப்பாவுடையது. தூத்துக்குடித் தோணிகளுக்கு மரவேலை செய்த ஓடாவி அவர். ஹார்பருக்கு வந்த ஒரு வெள்ளைக்காரக் கப்பல் தச்சன் அவருக்குக் கொடுத்தது. இந்த எஃகின் விசேஷம் என்ன தெரியுமா? தீட்டவே வேண்டாம். சிரிக்காதேயும். மற்ற தச்சனெல்லாம் காலையில் வந்ததும் கல்லில் எண்ணெயை விட்டுக்கொண்டு உட்காருவான். நான் உட்கார்ந்ததே கிடையாது. மாதா திருவிழாவுக்கு ஒரு தரம், கிறிஸ்மஸுக்கு ஒரு தரம், அதுவும் சும்மா மரியாதைக்கு. மற்ற நாளெல்லாம் காலையில் கையில் எடுத்தால் கையில் இருக்கிற முடியைச் சிரைக்கும். அப்படி ஒரு இரும்பு.

இப்போது என்ன ஆயிற்று? அதைத்தான் உம்மைக் கேட்கிறேன். மூன்று வாரமாகக் கிடந்து இழுக்கிறது. வெட்ட மாட்டேன் என்கிறது. இரும்புக்கும் வயசாகுமா? உமக்குத் தெரிந்திருக்குமே, ஊரில் இருக்கிற இரும்பையெல்லாம் பார்க்கிற ஆள்.

இரும், சொல்ல வேண்டாம். முதலில் இதைப் பாரும். இந்தக் கிதாரை.

முன்னால் ஒரு பலகை, பின்னால் ஒரு பலகை, நடுவில் வளைத்த பக்கப் பலகை. அவ்வளவுதான் கிதார். முன்பலகையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி ஒட்டுவோம். பசை காய்ந்ததும் சுற்றிலும் துருத்திக்கொண்டு நிற்கும். அதை உளியால் சீவிச் சீவிப் பக்கத்தோடு ஒன்றாக்க வேண்டும். பக்கத்தில் விரலை ஓட்டினால் எது முன்பலகை, எது பக்கப் பலகை என்று தெரியக் கூடாது. கேட்கச் சுலபமாக இருக்கும். அகலமான இடத்திலிருந்து நடுவில் ஒடுங்குகிற இடுப்பை நோக்கித்தான் சீவலாம். இடுப்பிலிருந்து மேலே ஏறினீரோ, தொலைந்தது. மரத்தின் ரேகை உளியை உள்ளே இழுத்துக்கொண்டு போய்ப் பலகையைப் பிளந்துவிடும். அதனால் பாதி விளிம்பு நம் வலது கைக்கு வாகாக வரும், பாதி எதிர்க்கையாக நிற்கும்.

எதிர்க்கையா? அதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் வந்தால் நான் எழுந்து டீ குடிக்கப் போவேன். திரும்பி வரும்போது முடிந்திருக்கும். தங்கச்சி சீவித் தட்டிவிட்டிருப்பாள். சில்லறை வேலை.

இதோ பாரும், இந்தக் கீறல். போன வாரம் நானே அந்தப் பக்கத்தைச் சீவினேன். எப்படிப் பிளந்திருக்கிறது பார்த்தீரா? நான் நன்றாகத்தான் பிடித்தேன். உளிதான் சரியில்லை.

தங்கச்சியா? இப்போது இல்லை.

ஐயோ, அப்படி இல்லை வே. தலைத்துண்டை எடுக்காதேயும். உயிரோடுதான் இருக்கிறாள். குத்துக்கல் மாதிரி இருக்கிறாள். இன்றைக்கு அவளுக்குக் கல்யாணம்.

என்ன முழிக்கிறீர்? ஐம்பத்திரண்டு வயசில் கல்யாணம் பண்ணக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? இல்லை. நானும் பங்குச்சாமியாரிடம் கேட்டுவிட்டேன். இல்லையாம்.

கேட்டீரா? மணி. அது முதல் மணி. இன்னும் இரண்டு அடிக்க வேண்டும், அப்புறம்தான் பூசை ஆரம்பிக்கும். கோயில் அடுத்த தெருதான். நான் போகவில்லை. எனக்கு வேலை கிடக்கிறது. கத்தி ஆயிற்றா? நல்லது. அரிவாள்மணை ஒன்று இருக்கிறது. இரும், எடுத்து வருகிறேன். அடுக்களையில் எதை எங்கே வைத்திருக்கிறாள் என்றே தெரியாது.

இந்தாரும்.

பிலோமி என்று பேர். பிலோமினா. அப்பா அம்மா போனதிலிருந்து நானும் அவளும்தான். நான் கல்யாணம் பண்ணவில்லை. அவளுக்கும் அமையவில்லை. கேட்டு வந்தார்கள், வராமல் இல்லை. ஒருத்தன் கொழும்பு. ஒருத்தன் இடிந்தகரை. எல்லாம் தூரம். ஒருத்தன் பக்கத்துத் தெருதான், ஆனால் அவன் சத்தமாகச் சிரிப்பான். நான் வேண்டாம் என்று சொன்னேன். அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே அவளுக்கு என்ன குறை? சமைப்பாள், பட்டறையைக் கூட்டுவாள், நான் சீவும்போது கிதாரை மடியில் வைத்துத் திருப்பிக் கொடுப்பாள். விடிகாலையில் முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து உளிகளுக்குத் துரு தேய்ப்பாள். அது ஒன்றுதான் கொஞ்சம் பொறுப்பான வேலை. உப்புக்காற்று அல்லவா, ஒரு நாள் விட்டாலும் இரும்பு சிவந்துபோகும். சின்னப்பிள்ளையாக இருக்கும்போது நான்தான் சொன்னேன், தினமும் தேய்த்து வை என்று. அன்றிலிருந்து ஒரு நாள் விட்டதில்லை. நான் படுக்கையில் கிடக்கும்போதே கேட்கும், கல்லில் சரக் சரக் என்று. அந்தச் சத்தம் நின்றால்தான் நான் எழுந்திருப்பேன்.

இப்போது எப்போது எழுந்திருப்பது என்று தெரியவில்லை. சும்மா கிடக்கிறேன். கிடக்கட்டும், அது வேறு கதை.

கஸ்பாரைச் சொல்கிறேன். மாப்பிள்ளை! தோணியில் தண்டலாக இருந்தவன், கேப்டன் மாதிரி. கொச்சி, மாலத்தீவு என்று ஓடிக்கொண்டிருந்தவன். பெண்டாட்டி செத்துப் பல வருஷம் ஆகிறது. இப்போது கோயில் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கிறான். என்னுடைய கிதார்தான். வலது முன்கையில் கயிறு அறுத்த தழும்பு ஒன்று உண்டு அவனுக்கு, இவ்வளவு நீளம். கிதார் வாசிக்கும்போது அந்த இடம்தான் விளிம்பில் அழுந்தும். ஒரு நாள் வந்து நிற்கிறான்.

"ஓய் இஞ்ஞாசி அண்ணே, ஒம்ம கிதாரு சத்தம் சம்மனசு சத்தம். ஆனா விளிம்பு சாத்தான் பல்லுல்லா? ஒரு பூசை முடியுததுக்குள்ள கையைக் கடிச்சிருது. லேசா அந்த இடத்தை மட்டும் சரிச்சுத் தாரும்."

"விளிம்புன்னா விளிம்பாத்தான் இருக்கும். கை வலிச்சா தலகாணியை வாசிச்சிட்டுப் போ" என்றேன்.

சரியாகத்தானே சொன்னேன்? நாற்பது வருஷமாக நான் இழைத்த விளிம்பு. நூல் பிடித்த மாதிரி நிற்கும். இவன் கை நோகிறது என்று அதைச் சரிக்க முடியுமா? அவன் போய்விட்டான். பிலோமி அங்கே ஓரமாக மரச்சுருளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் கம்பி மாற்ற வேண்டும் என்று அந்தக் கிதார் பட்டறைக்கு வந்தது. நான் கவனிக்கவில்லை. திரும்பிப் போயிற்று. கொஞ்ச நாளில் பாடகர் குழுவில் இருக்கிற ஒவ்வொருத்தனாக வருகிறான். "அண்ணாச்சி, கஸ்பாருக்குச் செஞ்ச மாதிரி எனக்கும் செஞ்சு தாங்க." என்ன செய்தேன் கஸ்பாருக்கு? கொண்டுவாடா அவன் கிதாரை என்று வாங்கிப் பார்க்கிறேன். முன்கை படுகிற இடத்தில் விளிம்பு இல்லை! சரித்துச் செதுக்கியிருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு பள்ளம் மேடு இல்லாமல், பலகையிலிருந்து பக்கத்துக்கு அப்படியே வழிந்து இறங்குகிறது. வார்னிஷும் போட்டு மூடியிருக்கிறது.

"பிலோமி, இது யாரு வேலை?"

"என் வேலைதான் அண்ணே."

"என் கிதாருல உளி வைக்க ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அவருக்குக் கை வலிக்கில்லா."

அவருக்கு என்றாள். கஸ்பார் என்று பேர் சொல்லவில்லை, தண்டல் என்று சொல்லவில்லை. அவருக்கு. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு விளிம்புதான் கண்ணில் நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்கிறார்கள். உங்கள் பக்கம் இது கிடையாது இல்லையா? எங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் பூசையில் சாமியார் பேரைப் படிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்பார். கஸ்பார் மொத்தா, பிலோமினா ரோச் என்று படிக்கிறார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். முந்தின நாள் அவள் என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள், உண்மைதான். நான் பசை காய்ச்சிக்கொண்டிருந்தேன். அப்புறம் சொல்லு என்றேன்.

தடை தெரிந்தால் சொல்லச் சொன்னார்களா இல்லையா? நான் சொன்னேன். பூசை முடிந்ததும் பாடகர் குழுவிலிருந்து அந்தக் கிதாரைத் தூக்கிக்கொண்டு நேரே சாமியார் அறைக்குப் போனேன்.

"சாமி, தடை இருந்தா சொல்லச் சொன்னியளே. இதான் தடை."

சின்ன வயசு சாமியார். கிதாரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "இதுல என்ன அண்ணாச்சி?"

"விளிம்பைச் செதுக்கியிருக்கா சாமி. என்னைக் கேக்காம. கட்டப்போறவன் கைக்குன்னு."

அவர் என்ன செய்தார் தெரியுமா? உட்கார்ந்து, கிதாரை மடியில் வைத்து, அங்கியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கையை அந்த இடத்தில் போட்டுப் பார்க்கிறார். "நல்லாத்தானே இருக்கு? கை சொகமா உக்காருது" என்கிறார்.

"நான் சொகத்தைப் பத்திப் பேச வரல."

"அண்ணாச்சி, நெருங்கின ரத்த உறவு, ஏற்கெனவே கட்டின தாலி, இஷ்டம் இல்லாத கல்யாணம். இதுகதான் தடை. கிதாரு அந்தக் கணக்குல வராது." வாயைக் கையால் மூடிக்கொண்டு சொல்கிறார். சிரிப்பு வந்திருக்கும். வாசலில் நின்ற உபதேசியார் மூடவே இல்லை, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அன்று சாயங்காலம் டீக்கடைக்குப் போனால், "தடை அண்ணாச்சிக்கு ஒரு டீ போடு" என்கிறான் ஒருத்தன்.

சிரியும், சிரியும். எல்லாரும் சிரித்தாயிற்று, நீரும் சிரித்துவிடும்.

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் சோறு வடித்து, குழம்பை மூடி வைத்துவிட்டு, பையோடு வந்து நின்றாள். பெரியம்மா மகள் வீட்டுக்குப் போகிறாளாம், கல்யாணம் வரைக்கும்.

"நீங்க சாமிகிட்டப் போனதுக்கு எனக்கு வருத்தம் இல்ல அண்ணே. அந்த எடத்தை நீங்க தொட்டுப் பாத்தியளா?"

"எதுக்குத் தொடணும்?"

"சும்மா. எப்படி வந்திருக்குன்னு."

"தொடமாட்டேன்" என்றேன்.

பையைத் தூக்கிக்கொண்டாள். அப்புறம் போய்விட்டாள். அவ்வளவுதான். சண்டை என்று தெருவில் சொல்வார்கள். சண்டை எல்லாம் இல்லை.

இரண்டாம் மணி. காது கேட்கிறது எனக்கு, நீர் சொல்ல வேண்டாம். கத்திரிக்கோல் தீட்டுவீரா? இருக்கும் எங்கேயாவது. தேங்காய் துருவி? அதையும் கொண்டுவருகிறேன். அவசரம் என்ன? வேறு தெருவுக்குப் போக வேண்டுமா? அங்கே எவனும் கத்தி கொடுக்க மாட்டான், எல்லாரும் கல்யாணத்தில் இருப்பான்.

இந்தாரும். கோடாலியும் கிடந்தது, அதையும் பாரும்.

நேற்றுப் பெரியம்மா மகள் வந்தாள். வாசலில் நின்றே பேசினாள், உள்ளே வரவில்லை. பெண்ணைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக ஆள் வேண்டும். அப்பா இருந்தால் அப்பா. இல்லையென்றால் அண்ணன். பெரியம்மா மகளின் வீட்டுக்காரர் நான் கூட்டிப்போகிறேன் என்றாராம். பிலோமி வேண்டாம் என்றுவிட்டாளாம். "அண்ணன் வந்தா அண்ணன் கையைப் பிடிச்சு நடப்பேன். வரலைன்னா ஒத்தையில நடப்பேன். வேற கை வேண்டாம்." இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள் பெரியம்மா மகள். நான் என்ன சொல்ல? பார்க்கலாம் என்றேன். வேலை கிடக்கிறதா இல்லையா?

அந்தக் கோயில் நீளம் உமக்குத் தெரியாது. வாசலிலிருந்து பீடம் வரைக்கும் எவ்வளவு தூரம்! இரண்டு பக்கமும் ஊரே திரும்பிப் பார்க்கும். இந்த வயசில், ஒத்தையில். கேலி செய்வார்கள். எல்லாருக்கும் வாய் இருக்கிறது.

என்ன சொன்னீர்?

உளியை மறுபடி ஏன் எடுத்தீர்? சரி, பாரும். வெளிச்சத்தில் பிடித்துப் பாரும். ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? ஆமாம், அது எனக்கும் தெரியும். முனை கொஞ்சம் இடதுபுறமாகத் தேய்ந்திருக்கும். இரும்பின் வாகு அது.

இடக்கை ஆள் தீட்டினதா? தினமும்?

வே, இரும்புக்கு ஏது வலக்கை இடக்கை?

அவள் இடக்கைதான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அப்பா அடித்து அடித்துப் பார்த்தார். சோற்றுக்கு மட்டும் வலது கைக்கு மாறினாள், மற்றதுக்கெல்லாம் இடதுதான். துரு தேய்த்தாள் என்று சொன்னேனே. துரு தேய்த்தாலும் அப்படித்தான் சாயும். இவ்வளவு வருஷம் தேய்த்தால் சாயாதா? தீட்டுவது வேறு, துரு தேய்ப்பது வேறு. தீட்டுவதென்றால் சாய்வு மாறாமல் பிடிக்க வேண்டும், பிசிறு எடுக்க வேண்டும், தோல்வாரில் இழுக்க வேண்டும். அதெல்லாம் அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தத் தோலா? ஆணியில் தொங்குகிறதே, அதுவா? அப்பாவுடைய பெல்ட். அது எதற்குக் கறுத்துப் பளபளவென்று இருக்கிறது என்று என்னைக் கேட்டால்? துடைத்திருப்பாள். எதையும் துடைப்பாள் அவள்.

நீர் உம்முடைய வேலையைப் பாரும்.

...

முடிந்துவிட்டதா? எல்லாமா? கோடாலியும்? சீக்கிரம் முடித்துவிட்டீர். இரும், இன்னும் ஏதாவது இருக்கும். மேலே பரணில்... இல்லை, அது உடைந்தது. வேறு இல்லை. வீட்டில் இருக்கிற இரும்பெல்லாம் ஆயிற்று.

சரி.

தண்ணீர் குடிக்கிறீரா? வேண்டாமா. சரி.

மாசானம், ஒன்று கேட்கிறேன். நாளைக்குக் காலையில் இந்த உளிக்கு யார் துரு தேய்ப்பது? அவள் சொல்லிவிட்டுப் போகவில்லை. எந்தக் கல், என்ன எண்ணெய், எதையும் சொல்லவில்லை. நான் எப்படித் தெரிந்துகொள்வது? பொறுப்பான வேலை என்று சொன்னேனே. அப்படியே போட்டுவிட்டுப் போகலாமா ஒருத்தி? இதைக் கேட்க வேண்டும். முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். பூசை முடிந்தால் விருந்து, கூட்டம், அப்புறம் அவன் வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே போய் நின்று என்னால் கேட்க முடியாது. பூசைக்கு முன்னால் வாசலில் நிற்பாள் பாரும், அப்போது கேட்டால்தான் உண்டு.

கல்யாணத்துக்குப் போகவில்லை நான். துருவைக் கேட்கத்தான்.

அந்த அலமாரியைத் திறவும். வெள்ளைச் சட்டை தொங்குகிறதா? தேய்த்து வைத்திருக்கிறாளா? எப்போது தேய்த்தாள்? போகிறதுக்கு முன்னால் தேய்த்திருப்பாள். கொண்டாரும். கையில் எண்ணெய் இல்லையே உமக்கு? துடைத்துக்கொள்ளும். கறையாக்கிவிடாதேயும்.

நீரும் வாரும். ஏன் வரக் கூடாது? கோயிலுக்குள் யாரும் வரலாம். எனக்கு முட்டு பிடித்துக்கொள்ளும், படிக்கட்டில் ஒரு கை வேண்டும். சைக்கிள் இங்கேயே நிற்கட்டும். யாரும் தூக்கிப் போக மாட்டான், அவ்வளவு பெரிய சக்கரத்தை வைத்துக்கொண்டு எவன் ஓடுவான்?

இரும். இந்தப் பித்தான்.

இல்லை, துவாரம் சின்னது. தையல்காரன் சரியில்லை. இல்லை வே, நான் போடுவேன். விடும். போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன். கீழே இருந்து வரலாம். இது... இதுவும் நழுவுகிறது.

விரல் நுனியில் ஒன்றும் தெரிவதில்லை. கொஞ்ச நாளாக. ரொம்ப நாளாக. பித்தான் எது, துணி எது என்று கையில் தெரியாது. தினமும் அவள் போட்டுவிடுவாள், பேசிக்கொண்டே. நான் கவனித்ததே இல்லை.

போட்டுவிடும்.

மேலே இருக்கிறதையும். கழுத்துப் பித்தானையும். இறுக்காதேயும்.

மூன்றாம் மணி அடிக்கிறான். நடையும் வே, நடையும். அவள் வாசலில் ஒத்தையில் நிற்கிறாள்.